பிறந்த 30 நாள்களுக்குள் ஒரு கண் பரிசோதனை... குறைமாதக் குழந்தையின் பெற்றோர் தவறவிடக் கூடாத தேதி!

அடையாறு காந்தி நகரிலோ, சாஸ்திரி நகரிலோ, புதிதாகக் குழந்தை பிறந்த ஏதாவது ஒரு வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். ஹாலில் தூளி, பால்கனி முழுக்கக் காயும் துணிகள், சாம்பிராணி வாசனை. பார்க்க வருகிற அத்தை, சித்தி, பக்கத்து ஃபிளாட் பாட்டி எல்லோரும் வரிசையாகக் கேட்பது மூன்று கேள்விகள்தான். "எத்தனை கிலோ?", "யார் ஜாடை?", "முகம் பார்க்குதா?"

முதல் இரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் கிடைத்துவிடும். மூன்றாவது கேள்விதான் கொஞ்சம் சிக்கலானது. ஏனென்றால், பிறந்த குழந்தையின் கண்ணைப் பார்த்து அதற்குப் பார்வை இருக்கிறதா என்று யாராலும் சொல்லிவிட முடியாது. கண் அழகாக இருக்கும். இமைக்கும். வெளிச்சம் பட்டால் சுருங்கும். ஆனால், உள்ளே விழித்திரை ஒழுங்காக வளர்கிறதா என்பது வெளியே தெரியாது.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், நாள்காட்டியில் ஒரு தேதியை வட்டம் போட்டு வைக்க வேண்டும். அந்தத் தேதி என்ன, ஏன் அது அவ்வளவு முக்கியம்?

கண்ணுக்குள் இருக்கும் மெல்லிய திரை

கண்ணை கேமராவோடு ஒப்பிட்டுச் சொல்வது வழக்கம். முன்னால் இருக்கும் கருவிழியும் லென்ஸும் ஒளியைக் குவிக்கின்றன. பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை, அதாவது ரெட்டினா, அந்த ஒளியை வாங்கிக்கொள்கிறது. இதன் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர்தான்.

இந்த மெல்லிய திரையில் இரண்டு வகை ஒளியுணர் செல்கள் இருக்கின்றன. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். இவை சுமார் 10 கோடி. நிறத்தையும் நுணுக்கத்தையும் காட்டுபவை கூம்பு செல்கள். இவை சுமார் 60 லட்சம். வெளிச்சம் இந்தச் செல்களில் படும்போது அவற்றில் உள்ள நிறமி மாறி, அந்த மாற்றம் மின் சமிக்ஞையாகிறது. சுமார் 10 லட்சம் நரம்பிழைகள் கொண்ட பார்வை நரம்பு வழியாக அந்தச் சமிக்ஞை மூளைக்குப் போகிறது.

விழித்திரையில் விழும் பிம்பம் தலைகீழானது. அதை நேராக்கி, "இது அம்மா முகம்" என்று புரிந்துகொள்வது மூளை. விழித்திரையிலிருந்து தெளிவான தகவல் வந்தால்தான் மூளையும் பார்க்கக் கற்றுக்கொள்ளும். அதனால்தான் குழந்தைப் பருவத்தில் விழித்திரைக்கு ஏற்படும் பாதிப்பு, பெரியவர்களுக்கு ஏற்படும் பாதிப்பைவிடக் கொடுமையானது. பெரியவர் பார்வையை இழக்கிறார். குழந்தையோ பார்க்கக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பையே இழக்கிறது.

பச்சிளம் கண்ணுக்கு என்ன தெரியும்?

நிறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். பெரியவர்களுக்கு அது சுமார் 24 மில்லிமீட்டர். விழித்திரையின் ஓரப் பகுதிகள் பிறக்கும்போதே ஓரளவு தயாராக இருக்கும். ஆனால், கூர்மையான பார்வைக்கான மையப்புள்ளி அப்போது தயாராக இருக்காது. அங்கே இருக்கும் கூம்பு செல்கள் குட்டையாகவும் தடிப்பாகவும் இடைவெளிவிட்டும் இருக்கும். அவை நீண்டு, மெலிந்து, மையத்தை நோக்கி நெருங்கி வந்து அடுக்கிக்கொள்ளப் பல ஆண்டுகள் ஆகும். நான்கு வயது வரைகூட இந்த வேலை தொடர்கிறது.

அதனால், பிறந்த குழந்தைக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரியும். நல்ல பார்வை உள்ள ஒருவர் சுமார் 400 அடி தூரத்திலிருந்து பார்க்கக்கூடிய ஒன்றை, இந்தக் குழந்தைக்கு 20 அடியில் காட்ட வேண்டியிருக்கும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெரியும். மடியில் கிடந்து பால் குடிக்கும் குழந்தைக்கும் அம்மாவின் முகத்துக்கும் இடையே இருக்கும் தூரமும் கிட்டத்தட்ட அதுதான்.

முதல் சில வாரங்களில் கறுப்பு வெள்ளைக் கோடுகள், முடி தொடங்கும் நெற்றி ஓரம், பெரிய பொட்டு போன்ற அழுத்தமான வேறுபாடுகள்தான் குழந்தையை ஈர்க்கும். ஒன்றரை முதல் இரண்டு மாதங்களில் முகம் பார்த்துச் சிரிக்கும். இரண்டு மூன்று மாதங்களில் நகரும் பொருளைக் கண்ணால் பின்தொடரும். மூன்று நான்கு மாதங்களில் நிறங்களைப் பிரித்தறியும். பாட்டிகள் கேட்கும் "முகம் பார்க்குதா?" என்ற கேள்விக்கு இரண்டு மாதம் ஆன பிறகு பதில் சொன்னால் போதும்.

இதெல்லாம் நிறைமாதக் குழந்தைக்கு. ஏழு மாதத்திலோ எட்டு மாதத்திலோ பிறந்துவிட்ட குழந்தையின் கண்ணுக்குள் வேறொரு வேலை பாதியில் நிற்கிறது.

ஆலமரம் போல விரியும் ரத்தக்குழாய்கள்

உடலிலேயே அதிகமாக ஆக்சிஜனைச் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள், கரு உருவாகி 16-வது வாரம் வாக்கில்தான் வளரத் தொடங்குகின்றன. பார்வை நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்திலிருந்து கிளம்பி, நாலாபக்கமும் கிளைவிட்டு, ஓரத்தை நோக்கி மெல்ல மெல்லப் போகின்றன.

அடையாறு தியோசபிகல் சொசைட்டி வளாகத்து ஆலமரத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி எளிதாகப் புரியும். ஒரே நடுவிலிருந்து கிளம்பி, எல்லாத் திசைகளிலும் பரந்து, கடைசி இலை வரை உணவு கொண்டுபோகிற அமைப்பு.

மூக்குப் பக்கமுள்ள ஓரத்தை இந்தக் குழாய்கள் சுமார் 36-வது வாரத்தில் எட்டுகின்றன. காதுப் பக்கமுள்ள ஓரம் தூரம் அதிகம் என்பதால் அங்கே போய்ச் சேர 40-வது வாரம் ஆகிவிடும். அதாவது, பத்து மாதமும் நிறைந்து குழந்தை வெளியே வரும் நேரத்தில்தான் விழித்திரை முழுவதற்கும் ரத்தம் கிடைக்கிறது.

இந்தக் குழாய்களுக்கு வழிகாட்டுவது ஆக்சிஜன் பற்றாக்குறைதான். கருவின் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, வெளியே மூச்சுவிடும் நம்முடையதைவிட மிகக் குறைவு. குழாய் இன்னும் வந்து சேராத விழித்திரைப் பகுதி, "எனக்கு ஆக்சிஜன் போதவில்லை" என்று ஒரு வேதிப்பொருளைச் சுரந்து சமிக்ஞை அனுப்பும். அந்தப் பொருளின் பெயர் வி.இ.ஜி.எஃப். அதைத் தேடிக்கொண்டுதான் குழாய்கள் வளர்கின்றன.

பாதி வழியில் நின்றுபோனால்..?

28 அல்லது 30 வாரங்களில் குழந்தை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழாய்கள் இன்னும் பாதி வழியில்தான் இருக்கின்றன. கருப்பையின் குறைந்த ஆக்சிஜன் சூழலிலிருந்து குழந்தை திடீரென வெளிக்காற்றுக்கு வந்துவிடுகிறது. நுரையீரல் முதிராததால், உயிரைக் காப்பாற்றக் கூடுதல் ஆக்சிஜனும் கொடுக்க வேண்டியிருக்கிறது. விழித்திரைக்கு இப்போது ஆக்சிஜன் தாராளம். அதனால் சமிக்ஞை நின்றுபோகிறது. குழாய்களின் வளர்ச்சியும் நின்றுவிடுகிறது.

சில வாரங்கள் கழித்து விழித்திரை வளர்ந்து, அதன் தேவை கூடுகிறது. குழாய் வராத ஓரப் பகுதி பட்டினி கிடக்கிறது. இப்போது சமிக்ஞை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதற்கு ஓடிவரும் புதிய குழாய்கள் ஒழுங்கான பாதையில் போவதில்லை. தாறுமாறாக, பலவீனமாக, விழித்திரையின் பரப்பை விட்டு மேலெழும்பி வளர்கின்றன. அவற்றிலிருந்து ரத்தம் கசியலாம். தழும்புத் திசு உருவாகி, அது சுருங்கும்போது விழித்திரையைச் சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடலாம்.

1989-ல் அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் புயலில் சாய்ந்தபோது, விழுதுகள்தான் மரத்தைத் தாங்கிப் பிடித்தன. கண்ணுக்குள் இப்படிப் புதிதாக இறங்கும் 'விழுதுகள்' தாங்குவதில்லை, இழுத்துச் சாய்க்கின்றன.

இந்த நோய்க்குப் பெயர் 'ரெட்டினோபதி ஆஃப் ப்ரீமெச்சூரிட்டி'. மருத்துவமனைகளில் சுருக்கமாக 'ஆர்.ஓ.பி' என்பார்கள். ஐந்து நிலைகளாக இதைப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு நிலைகளில் இருக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். நான்காம் நிலையில் விழித்திரை ஓரளவு பிரிந்திருக்கும். ஐந்தாம் நிலையில் முழுவதும் பிரிந்திருக்கும். மூன்றாம் நிலையிலிருந்து ஐந்தாம் நிலைக்குப் போகச் சில வாரங்கள் போதும். சில குழந்தைகளுக்குச் சில நாள்களே போதும்.

உயிர் காத்த ஆக்சிஜனே...

இந்த நோயை முதன்முதலில் விவரித்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் தியோடர் டெரி. ஆண்டு 1942. குறைமாதக் குழந்தைகளின் லென்ஸுக்குப் பின்னால் வெண்மையான திசு படர்ந்திருப்பதை அவர் கண்டார். இன்குபேட்டர்களில் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்ட காலம் அது. 1950-ல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்து, பார்வையை இழந்த ஒரு குழந்தை பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பாடகரானது. அவர்தான் ஸ்டீவி வொண்டர்.

1951-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் கேட் கேம்ப்பெல், அதிக ஆக்சிஜனுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று எழுதினார். அமெரிக்க மருத்துவமனைகள் பல சேர்ந்து 1953-54-ல் நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது. அதற்குள் உலகம் முழுக்க சுமார் 10,000 குழந்தைகள் பார்வையிழந்திருந்ததாக மதிப்பிடப்படுகிறது.

உடனே ஆக்சிஜனைக் கடுமையாகக் குறைத்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது. ஆனால், மூச்சுத்திணறலால் குழந்தைகள் இறப்பது அதிகரித்தது. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அதனால்தான் இன்று என்.ஐ.சி.யூ-வில் குழந்தையின் காலில் ஒரு சிறு சென்சாரைச் சுற்றி, ரத்த ஆக்சிஜன் அளவை நொடிக்கு நொடி கவனிக்கிறார்கள். கூடுதல் ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைக்கு அந்த அளவு சுமார் 90 முதல் 95 சதவிகிதத்துக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அந்தத் திரையில் 100 என்று வந்தால் பெற்றோருக்குச் சந்தோஷமாக இருக்கும். செவிலியர் ஓடிவந்து ஆக்சிஜனைக் குறைப்பார். காரணம் இதுதான்.

ஆக்சிஜன் மட்டும்தான் காரணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். எடை மிகக் குறைவாக இருப்பது, ரத்தத்தில் கிருமித்தொற்று, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை, எடை சரியாக ஏறாதது ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன.

எழும்பூரில் தொடங்கி டெல்லி வரை போன வழக்கு

ஆர்.ஓ.பி பற்றி இந்தியாவே பேசக் காரணமான வழக்கு சென்னையிலிருந்துதான் போனது.

1996 ஆகஸ்ட் 30. எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு பெண் குழந்தை 29-வது வாரத்தில் பிறந்தது. எடை 1,250 கிராம். இன்குபேட்டரில் வைக்கப்பட்டு, ஆக்சிஜன் கொடுக்கப்பட்டு, ரத்தமும் ஏற்றப்பட்டு, குழந்தை பிழைத்தது. செப்டம்பர் 23 அன்று டிஸ்சார்ஜ். பெற்றோர் தொடர்ந்து மருத்துவரிடம் காட்டியும் வந்தார்கள். ஆனால், விழித்திரைப் பரிசோதனை நடக்கவில்லை. அப்படி ஒன்று தேவை என்றும் அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்துப் பார்வைக் குறைபாடு தெரியவந்தபோது நோய் கடைசி நிலையை எட்டியிருந்தது. வெளிநாடு வரை கொண்டுபோய்ப் பார்த்தும் பார்வை திரும்பவில்லை.

தந்தை வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2009-ல் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2015 ஜூலை 1 அன்று தீர்ப்பு வந்தது. பரிசோதனை செய்யாததும் பெற்றோரை எச்சரிக்காததும் மருத்துவக் கவனக்குறைவு என்று சொன்ன உச்ச நீதிமன்றம், இழப்பீட்டைச் சுமார் 1.8 கோடி ரூபாயாக உயர்த்தியது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது.

இந்த வழக்கின் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். இன்றைய வழிகாட்டுதல்படி அந்தக் குழந்தையின் விழித்திரையைப் பிறந்த 30 நாள்களுக்குள் பார்த்திருக்க வேண்டும். கெடு செப்டம்பர் 29. டிஸ்சார்ஜ் ஆனது செப்டம்பர் 23. நடுவில் ஆறே நாள்கள்.

இன்றும் ஆபத்து ஒளிந்திருப்பது இந்த இடைவெளியில்தான். எடை ஏறுகிறது, பால் நன்றாகக் குடிக்கிறது என்று மூன்று நான்கு வாரங்களில் குழந்தையை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். 'கண்டம் தாண்டியாச்சு' என்று குடும்பமே நிம்மதிப் பெருமூச்சு விடுகிறது. தொற்று வந்துவிடக் கூடாதே என்று குழந்தையை வெளியே எடுக்கவும் பயப்படுகிறார்கள். கண்ணைக் காட்ட வேண்டிய வாரம் அப்போதுதான் தொடங்குகிறது.

யாருக்கு, எப்போது பரிசோதனை?

2020-ல் மட்டும் இந்தியாவில் சுமார் 30 லட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. உலகிலேயே இதுதான் அதிகம். இவர்களில் யாருக்குப் பரிசோதனை தேவை என்பதற்குத் தெளிவான வரையறை இருக்கிறது.

• 34 வாரங்களுக்கு முன்பு பிறந்த குழந்தைகள், அல்லது பிறக்கும்போது 2 கிலோவுக்குக் குறைவான எடை கொண்ட குழந்தைகள்: பிறந்த 30 நாள்களுக்குள் முதல் பரிசோதனை.

• 28 வாரங்களுக்கு முன்பு பிறந்தவர்கள், அல்லது 1,200 கிராமுக்குக் குறைவான எடை கொண்டவர்கள்: இன்னும் முன்னதாக, அதாவது பிறந்த இரண்டு மூன்று வாரங்களில்.

• 34 முதல் 36 வாரங்களில் பிறந்து, ஆக்சிஜன் உதவி, தீவிரத் தொற்று, ரத்தம் ஏற்றுதல் போன்ற சிக்கல்களைச் சந்தித்தவர்கள்: குழந்தை நல மருத்துவர் சொன்னால் இவர்களுக்கும் பரிசோதனை தேவை.

அமெரிக்காவில் பொதுவாக ஒன்றரைக் கிலோ வரை உள்ள குழந்தைகளுக்குத்தான் இந்தப் பரிசோதனை. இந்தியாவில் அதைவிட எடை கூடுதலாக, முதிர்ச்சியோடு பிறந்த குழந்தைகளுக்கும் தீவிரமான ஆர்.ஓ.பி வருவதை இங்குள்ள மருத்துவர்கள் கண்டார்கள். அதனால்தான் இங்கே எல்லை 2 கிலோ. 'எங்க குழந்தை ஒண்ணே முக்கால் கிலோ, ஒண்ணும் ஆகாது' என்று இருந்துவிடக் கூடாது.

வசதியான குடும்பம், பெரிய மருத்துவமனை என்பதும் இதற்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தையின்மைக்குச் சிகிச்சை எடுத்துக் கருத்தரிப்பவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு அதிகம். இரட்டையர்கள் முன்கூட்டியே, எடை குறைவாகப் பிறப்பதும் அதிகம். இருவரில் ஒரு குழந்தைக்கு நோய் இல்லை என்பதால் இன்னொரு குழந்தைக்கும் இல்லை என்று சொல்ல முடியாது. இரண்டு குழந்தைகளுக்குமே பரிசோதனை வேண்டும்.

பரிசோதனை எப்படி நடக்கும்?

கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அரை மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும். பிறகு மரத்துப்போகும் சொட்டு மருந்து. குழந்தையைத் துணியில் இதமாகச் சுற்றி, இமைகள் மூடாமல் இருக்கச் சிறு கருவியைப் பொருத்தி, மருத்துவர் தலையில் மாட்டிய விளக்கின் வெளிச்சத்தில் லென்ஸ் வழியாக விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். சில இடங்களில் சிறப்பு கேமராவில் படமும் எடுப்பார்கள்.

குழந்தை அழும். பார்க்கிற அம்மாவுக்கும் அழுகை வரும். ஆனால், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பால் வாந்தி எடுக்காமல் இருக்க, எப்போது கடைசியாகப் பால் கொடுக்கலாம் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

முக்கியமான விஷயம்... இது ஒரே தடவையில் முடிகிற பரிசோதனை இல்லை. ரத்தக்குழாய்கள் ஓரம் வரை வளர்ந்து முடியும்வரை, ஒன்று முதல் மூன்று வாரங்களுக்கு ஒருமுறை மருத்துவர் வரச் சொல்வார். 'போன தடவை நல்லா இருக்குன்னு சொன்னாங்களே' என்று அடுத்த தேதியைத் தவறவிடுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

சென்னைக்காரர்களுக்கு இந்த வசதி அருகிலேயே இருக்கிறது. 1819-ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1978-ல் தொடங்கப்பட்ட நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவும் அடையாற்றிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம்தான். சிறு ஊர்களில்தான் விழித்திரை நிபுணர்கள் குறைவு. இதற்கும் ஒரு வழி கண்டார்கள். பெங்களூரு நாராயணா நேத்ராலயா மருத்துவமனை 2008-ல் 'கிட்ராப்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயிற்சி பெற்ற டெக்னீஷியன்கள் கேமராவோடு ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளின் விழித்திரையைப் படமெடுக்க, நகரத்தில் இருக்கும் நிபுணர் இணையம் வழியே பார்த்து முடிவு சொல்வார். கோவை அரவிந்த் கண் மருத்துவமனையும் இதே வழியில் சுற்றுவட்டார என்.ஐ.சி.யூ-க்களில் இருக்கும் குழந்தைகளைப் பரிசோதிக்கிறது.

2013-ல் மத்திய அரசு தொடங்கிய 'ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்திய காரியக்ரம்' என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில், கண்டறிந்து சிகிச்சை அளிக்க வேண்டிய குறைபாடுகளின் பட்டியலில் ஆர்.ஓ.பி-யும் இருக்கிறது. பரிசோதனைக்கு எங்கே போவது என்று தெரியாதவர்கள், தமிழக அரசின் 104 மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

நோய் இருந்தால் என்ன சிகிச்சை?

சிகிச்சை தேவைப்படும் கட்டத்தை நோய் எட்டிவிட்டால், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அதைச் செய்துவிட வேண்டும். 'நல்ல நாள் பார்த்து வர்றோம்' என்று தள்ளிப்போட இதில் நேரமில்லை.

லேசர்: ரத்தக்குழாய் வந்து சேராத ஓரப் பகுதிக்கு லேசர் கதிர் பாய்ச்சுவார்கள். அந்தப் பகுதி சமிக்ஞை அனுப்புவதை நிறுத்திவிடும். தாறுமாறான குழாய்கள் வாடிவிடும். ஓரப் பார்வையில் கொஞ்சம் இழப்பு இருந்தாலும் மையப் பார்வை காப்பாற்றப்படும்.

கண்ணுக்குள் ஊசி: வி.இ.ஜி.எஃப் பொருளைக் கட்டுப்படுத்தும் மருந்தை மிகச் சிறிய அளவில் கண்ணுக்குள் செலுத்துவார்கள். கேட்கவே பயமாக இருந்தாலும், நோய் கண்ணின் மையத்தை ஒட்டியிருக்கும் குழந்தைகளுக்கு இது நல்ல பலன் தருகிறது. ஆனால், பல வாரங்கள் கழித்தும் நோய் திரும்பலாம் என்பதால் நீண்ட நாள் கண்காணிப்பு தேவை.

அறுவை சிகிச்சை: விழித்திரை பிரியத் தொடங்கிவிட்டால் இதுதான் வழி. நான்காம் நிலையில் ஓரளவு பார்வையைக் காப்பாற்ற முடியும். ஐந்தாம் நிலையில் பெரும்பாலும் வெளிச்சத்தை உணரும் அளவுக்குத்தான் மீட்க முடிகிறது.

சிகிச்சை முடிந்த பிறகும், ஏன் நோயே வராத குறைமாதக் குழந்தைகளுக்கும்கூட, கிட்டப்பார்வை, மாறுகண், சோம்பேறிக் கண் போன்ற பிரச்னைகள் மற்ற குழந்தைகளைவிட அதிகம் வருகின்றன. பள்ளியில் சேரும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கண்ணைக் காட்டிவருவது நல்லது.

வீட்டில் கவனிக்க...

• என்.ஐ.சி.யூ-வில் இருக்கும்போது, மருத்துவர் அனுமதித்தால் குழந்தையை மார்போடு அணைத்துக்கொள்ளும் 'கங்காரு' பராமரிப்பும் தாய்ப்பாலும் தொற்றைக் குறைத்து எடையைக் கூட்டும். அது கண்ணுக்கும் நல்லது.

• கண்ணுக்குள் மை தீட்டுவது, தாய்ப்பால் அல்லது விளக்கெண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம். எந்தக் குழந்தைக்கும் இது தொற்றை வரவழைக்கலாம். திருஷ்டிக்குத்தான் என்றால் பாட்டியிடம் சொல்லி, பாதத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகட்டும்.

• 'முகம் பார்க்குதா' என்பதைக் குறைமாதக் குழந்தைக்குக் கணக்கிடும்போது, பிறந்த தேதியிலிருந்து எண்ணாமல், பிரசவத்துக்கு மருத்துவர் முதலில் குறித்துக்கொடுத்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்த குழந்தை நான்காவது மாதத்தில் முகம் பார்த்துச் சிரித்தால் அது சரியான வளர்ச்சிதான்.

• ஆனால், விழித்திரைப் பரிசோதனையின் 30 நாள் கணக்கு மட்டும் பிறந்த தேதியிலிருந்துதான். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நிறைமாதக் குழந்தைக்கும் ஒரு விஷயம்

போனில் ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் குழந்தையின் கண் சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ரத்தம் நிறைந்த படலம் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. ஆனால், ஒரு கண் சிவப்பாகவும் இன்னொரு கண் வெள்ளையாகவும் பளபளத்தால், பூனைக்கண் போல மின்னினால், அந்த போட்டோவோடு கண் மருத்துவரைப் பாருங்கள். படம் எடுத்த கோணத்தால்கூட அப்படித் தெரிந்திருக்கலாம். ஆனால், பிறவிக் கண்புரையாகவோ, வளர்ந்துகொண்டிருக்கும் விழித்திரைச் செல்களில் தோன்றும் 'ரெட்டினோபிளாஸ்டோமா' என்ற புற்றுநோயாகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு. இரண்டையும் சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை உண்டு.

கேட்க வேண்டிய ஒரே கேள்வி

குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அழைத்துப்போகும் நாளில் கையில் ஏகப்பட்ட காகிதங்கள் இருக்கும். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டு, பில், டிஸ்சார்ஜ் சம்மரி. அந்த அவசரத்திலும் மருத்துவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "ஆர்.ஓ.பி பரிசோதனை முடிஞ்சுதா டாக்டர்? அடுத்தது எந்தத் தேதி, எந்த ஊர்ல, யார்கிட்ட?"

பதிலை டிஸ்சார்ஜ் சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் அலாரம் வையுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் தினசரி நாள்காட்டியில் பேனாவால் வட்டம் போடுங்கள். தாத்தா பாட்டியிடமும் சொல்லிவையுங்கள். யாராவது ஒருவருக்கு ஞாபகம் இருக்கும்.

எழும்பூரில் பிறந்த அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு இந்தத் தேதியை யாரும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும், தெரிந்தவர் வீட்டில் ஒரு குழந்தை சீக்கிரமாகப் பிறந்திருந்தால், பார்க்கப் போகும்போது "எத்தனை கிலோ?" என்று கேட்ட கையோடு, "கண்ணைக் காட்டிட்டீங்களா?" என்றும் கேட்டுவிட்டு வாருங்கள்.